ஏழு மணி நேரம் பார்த்த கோட்டை

அவர் அந்த ஊரில் இருந்தது மொத்தம் ஏழு மணி நேரம். அதைப் பற்றிப் பேசியது, நான் கேட்டவரைக்கும், ஒன்பது வருஷம். எனக்கு முன்னால் கேட்டவர்களும் இருக்கிறார்கள், பாவம்.

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார். பலகை கிடையாது. கப்பல்காரர் கடை என்று கேட்டால் யாரும் கை காட்டுவார்கள். கப்பலில் சமையல்காரருக்குக் கையாளாக இருந்தவர். ஒரு தடவை அந்தக் கப்பல் ஐரோப்பாப் பக்கம் ஏதோ ஒரு விரிகுடாவுக்குள் போய் நின்றிருக்கிறது. வெங்காயமும் எலுமிச்சம்பழமும் வாங்கிவர இவரைக் கரைக்கு அனுப்பியிருக்கிறார்கள். காலையில் இறங்கினார், சாயங்காலம் ஏறிவிட்டார். அந்த ஊரின் பெயர் என்னவென்று கேட்டால் மட்டும் கோபம் வரும்.

"பேர்ல இன்னாங்க இருக்குது? ஊரப் பாத்தேனா இல்லியா, அத்தக் கேளுங்க."

கேட்க வேண்டிய அவசியமே இல்லை. இலையில் சோறு விழும்போதே ஆரம்பித்துவிடுவார். "சுத்தியும் மலைங்க. நடுவுல கடலு. கடலுன்னா அலை கிலை ஒண்ணும் கெடையாது, ஏரி மாரி கம்முனு கெடக்குது. தண்ணி ஓரமா ஊரு. ஊரச் சுத்திக் கோட்டைச் செவுரு. அந்தச் செவுரு அப்பிடியே பின்னால மலைமேல ஏறிப் போவுதுங்க, ஆடு ஏறுற மாரி. உள்ள தெரு இம்மாந்தான். ரெண்டு கையையும் நீட்டுனா ரெண்டு பக்கத்து வூட்டுச் செவுரையும் தொடலாம். தெருவுக்கு நாலு பூனை."

பூனை என்று வந்தால் பாதிக் கதை முடிந்தது என்று அர்த்தம். அதற்குள் நாங்கள் ரசத்துக்கு வந்திருப்போம்.

உலகத்தில் எதைப் பார்த்தாலும் அந்த ஊரோடு வைத்து அளந்துவிடுவார். முனிசிபாலிட்டி சாக்கடை தோண்டினால், அந்தக் கோட்டைக்குள் சாக்கடை எப்படிப் போகிறது என்று சொல்லுவார். தேர்தல் வந்தால், அங்கே சுவரில் ஒருத்தனும் எழுதவில்லை என்பார். கேட்பவனுக்குச் சிரிப்பு வரும், சாம்பார் நன்றாக இருப்பதால் சிரிக்க மாட்டான்.

ரைஸ்மில்காரருக்குச் சொந்த ஊர் தியாகதுருகம். அவருக்கு ஒரு நாள் பொறுக்கவில்லை. "இன்னாய்யா சும்மா கோட்டை கோட்டைன்ற? எங்க ஊர்ல மலைமேலயே கோட்டை இருக்குது, தெரியுமா?" என்றார்.

"தெரியுங்க. உங்குளுது மலைமேல கோட்டை. அங்க கோட்டையே மலை ஏறுது. வித்தியாசம் இருக்குது இல்லீங்களா?"

ரைஸ்மில்காரர் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனார். இரண்டு நாள் வரவில்லை. மூன்றாம் நாள் வந்து, "ரெண்டு நாளா வூட்ல சாப்ட்டுப் பாத்தேன்யா" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். எலவனாசூர்கோட்டைக்காரர் ஒருவர் வாயைத் திறக்கும் முன்பே, "உங்க ஊர்ல பேர்ல கோட்டை இருக்குது, சாப்புடுங்க" என்று கப்பல்காரர் அடக்கிவிட்டார்.

அந்த ஊரை வைத்து அவர் சண்டையும் போடுவார். சந்தை நாளில் கல்வராயன் மலையிலிருந்து புளி, கடுக்காய், தேன் எல்லாம் சுமந்துகொண்டு மலையாளுங்க இறங்குவார்கள். நம் வியாபாரிகளுக்கு அன்றைக்குக் கை மட்டும் கொஞ்சம் கனமாகிவிடும். தராசுத் தட்டில் பட்டும் படாமல் சுண்டுவிரலை வைத்து நிறுப்பார்கள். இவர் கரண்டியோடு தெருவுக்கு வந்துவிடுவார். "யோவ், அந்தக் கோட்டை வாசல்ல இன்னா பண்ணி வெச்சிருக்கான் தெரியுமா? ஊருக்கே ஒரு தராசு. வாசல்லயே தொங்குது. வெரல எடு!" என்று கத்துவார். வியாபாரி விரலை எடுப்பான். கோட்டைக்குப் பயந்தல்ல, கரண்டியில் கொதிக்கிற குழம்பு இருந்தது. மலையாளுங்களைக் கூட்டிவந்து முன் பெஞ்சியில் உட்காரவைப்பார். எங்களுக்கு அது ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. ஆனாலும் கப்பலில் போன மனுஷன், நாலு நாட்டைப் பார்த்தவர், அப்படித்தான் இருப்பார் என்று நாங்களே சமாதானம் சொல்லிக்கொண்டோம்.

நான் அப்போது டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் நடத்திக்கொண்டிருந்தேன். கல்யாணம் ஆகவில்லை, மூன்று வேளையும் அவர் கடைதான். என்னோடு வழக்கமாக உட்காருகிறவர்கள் நாலு பேர்: ரைஸ்மில்காரர், ஜவுளிக்கடைக்காரர், பி.டி. மாஸ்டர், சொந்த டிராக்டர் வைத்திருந்த ஒரு பெருவிவசாயி. நாங்கள் ஐந்து பேரும் ஐந்து சாதி. சாதிப் பெயர்களை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் ஐந்து சங்கமும் கண்டனக் கூட்டம் போடும், அதில் ஒரு கூட்டத்துக்கு நானே தலைமை தாங்க வேண்டியிருக்கும்.

இந்த ஐந்து பேருக்கும் ஒரு விஷயத்தில் மட்டும் சந்தேகமே கிடையாது. கப்பல்காரர் நம்ம ஆள்.

அவர் எந்த ஊர், என்ன ஆள் என்று யாரும் நேரில் கேட்டதில்லை. கேட்கத் தொடங்கினால் அவர் கோட்டைக்குள் போய்விடுவார், திரும்பி வருவதற்குள் நமக்குப் பஸ் போய்விடும். ஆகவே கண்ணால் பார்த்ததை வைத்து முடிவு பண்ணிக்கொண்டோம். உலையிலிருந்து சோறு இறக்கியதும் முதல் கரண்டியை ஒரு சின்ன இலையில் எடுத்து, மேற்குப் பக்கம் பார்த்து வைத்துக் கும்பிடுவார். பிறகுதான் பரிமாறுவார். எங்கள் குலசாமி மேற்கேதான் இருக்கிறது என்றார் ரைஸ்மில்காரர். செத்தவர்களுக்கு எங்கள் வீட்டில் இப்படித்தான் வைப்போம் என்றார் மாஸ்டர். ஜவுளிக்கடைக்காரர், எங்களவங்களைத் தவிர வேறு எவனும் கும்பிட்டுவிட்டுச் சோறு போடமாட்டான் என்றார். டிராக்டர்காரர் காரணம் எதுவும் சொல்லவில்லை. ஆள் உழைப்பாளி, அதனால் நம்ம ஆள் என்றார். நானும் என் பங்குக்கு, என் அப்பா முதல் கவளத்தை மேற்கே பார்த்துத்தான் சாப்பிடுவார் என்று நினைத்துக்கொண்டேன். என் அப்பா சாப்பிடும் இடத்தில் ஜன்னல் மேற்கே இருந்தது என்பது பிறகுதான் ஞாபகம் வந்தது.

ஒருமுறை ஐந்து பேரும் சேர்ந்து அவரைக் கோமுகி அணைக்குக் கூட்டிப்போனோம். முன்னால் தண்ணீர், பின்னால் மலை. "ஒரு செவுரு மட்டும் இருந்தா அதுவேதான்" என்றார். அப்புறம் மலையைக் கையால் காட்டி, இந்த மடிப்பில் ஏறினால் ஓர் ஊற்று வரும், அதைத் தாண்டினால் நெல்லிமரம் வரும், மழைக்காலத்தில் அந்தப் பக்கம் போகக்கூடாது என்று சொல்லிக்கொண்டே போனார். ஏழு மணி நேரத்தில் இவ்வளவு பார்த்திருக்கிறாரே என்று நாங்கள் ஆச்சரியப்பட்டோம். அவர் எதிரே இருக்கிற மலையைத்தான் சொல்கிறார் என்று ஐந்து பேரில் ஒருத்தனுக்கும் உறைக்கவில்லை.

அதன்பிறகு இட ஒதுக்கீட்டுப் போராட்டம் வந்தது. நியாயம் இருந்ததா என்று கேட்டால் இருந்தது. பங்கு கேட்டவர்களுக்கு வயிற்றெரிச்சலும் இருந்தது. ஆனால் எங்கள் ஊரில் அதன் முதல் விளைவு, எல்லோருக்கும் தலை எண்ணத் தெரிந்ததுதான். அதுவரைக்கும் கல்யாணப் பத்திரிகையில் மட்டும் இருந்த சாதி, திடீரென்று ரப்பர் ஸ்டாம்போடும் லெட்டர் பேடோடும் தெருவுக்கு வந்தது. ஒவ்வொரு சங்கமும் நாங்கள் இத்தனை குடும்பம் என்று பட்டியல் எடுத்தது. ஆள் அதிகமானால் பங்கு அதிகம். செத்துப்போனவர்கள் சிலர் அந்த வாரம் உயிரோடு எழுந்து பட்டியலில் நின்றார்கள். எங்கள் சங்கத்துப் பட்டியலை டைப் அடித்தது நான். கூலி வாங்கவில்லை, பதிலுக்கு என்னைக் கிளைச் செயலாளர் ஆக்கினார்கள். கப்பல்காரர் குடும்பத்தை நாற்பத்திரண்டாவதாகச் சேர்த்தேன். மற்ற நாலு சங்கமும் அவரைச் சேர்த்திருந்தது.

இந்தச் சமயத்தில்தான் ஒரு மத்தியான வேளையில் அவர் என் இன்ஸ்டிட்யூட்டுக்கு வந்தார். கரண்டி இல்லாமல் அவரைப் பார்க்கவே வேறு யாரோ போல இருந்தது. கூட அவர் பெண் மல்லிகா. தாயில்லாத பெண், நல்ல மார்க். சேலத்தில் நர்ஸ் படிப்புக்குக் கடிதம் வந்திருந்தது. பதினைந்து நாளில் சாதிச் சான்றிதழோடு வந்து சேர வேண்டும், இல்லையென்றால் இடம் அடுத்த ஆளுக்கு.

"ஒரு மனு அடிக்கணுங்க டைப்பு சார்."

பேப்பரைச் சொருகினேன். பெயர் அடித்தேன். சாதி என்ற இடத்தில் எங்கள் சாதியின் முதலெழுத்தை அடித்தே விட்டேன். அவர் என் கையைப் பிடித்தார்.

"அது இல்லீங்க. மலையாளி. பழங்குடி."

நான் நிமிர்ந்து பார்த்தேன். மல்லிகா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கல்வராயன் மலைங்க. பத்து வயசுல கடுக்கா மூட்டையோட எறங்குனவன், ஓட்டல்ல தட்டு கழுவப் பூட்டேன். அப்பிடியே மெட்ராசு, கப்பலு. பெரியப்பா இன்னும் மேலதான் இருக்கறாரு. அதிகாரி வந்து கேட்டார்னா சொல்லுவாரு."

"ஏண்ணா இத்தனை வருஷமா சொல்லல?"

"எங்கங்க சொல்ல வுட்டீங்க? கடை தெறந்த மொத வாரமே ஆளுக்கு ஒண்ணா நீங்களே சொல்லிட்டீங்களே. சரி, சாப்புட வர்றவங்க மனசக் கெடுப்பானேன்னு வுட்டுட்டேன்."

பிறகு நான் கேட்காமலே சொன்னார். "அந்தக் கோட்டை வாசல்ல ஒருத்தன் குந்திக்கினு இருந்தாங்க. அவனும் கேட்டான். நீ யாரு, எந்த ஊரு, இன்னா ஆளுன்னுதான் கேட்டிருப்பான், கேக்கற மொகம் எங்க போனாலும் ஒண்ணுதானே. எனுக்கு அவன் பாஷை புரியல. அவனுக்கு என் பாஷை புரியல. சிரிச்சிட்டு உள்ள வுட்டுட்டான். அதான் சார் அந்த ஊரு எனுக்கு அவ்ளோ புடிச்சிருந்திச்சி."

ஒன்பது வருஷம் சொன்ன கதையில் இந்தத் துண்டை மட்டும் அவர் சொன்னதே இல்லை. மனுவை அடித்துக் கொடுத்தேன். ஒரு பிழை இல்லாமல் அடித்தேன் என்பதில் அப்போது எனக்கு ரொம்பப் பெருமை.

நாலாம் நாள் சாலை மறியல் தொடங்கியது. புளியமரங்களை வெட்டிச் சாலையின் குறுக்கே போட்டுவிட்டார்கள். மலைக்குப் போகிற வழியில் ஏழெட்டு இடத்தில் மரம் கிடந்தது. விசாரணைக்கு வந்த அதிகாரி ஜீப்பில் ஒரு மைல் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பினார். மலையில் போய்த்தான் விசாரிக்க வேண்டும், ஆனால் மலைக்குப் போக முடியாது. அதற்காக விசாரணையை நிறுத்த முடியுமா? பசியும் எடுத்திருந்தது. கப்பல்காரர் கடையிலேயே உட்கார்ந்து, அக்கம்பக்கத்தாரிடம் விசாரிப்பது என்று முடிவு பண்ணினார்.

நல்லதுதான் நடக்கும் என்று எல்லோருமே நினைத்தோம். கப்பல்காரருக்காகச் சாட்சி சொல்ல யாருக்குத்தான் ஆசை இருக்காது?

ரைஸ்மில்காரர் முதலில் வந்தார். "சார், இவரு தங்கமான மனுசன். சுத்தமா எங்க ஆளு" என்றார். அதிகாரி எழுதிக்கொண்டார். ஜவுளிக்கடைக்காரர் வந்து, மனுவில் ஏதோ தவறு, இவர் எங்களவர், பட்டியலே இருக்கிறது என்று எடுத்து நீட்டினார். மாஸ்டரும் அவருடைய சங்கப் பட்டியலை நீட்டினார். டிராக்டர்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. "யாரோ இவரப் பயமுறுத்தி மலையாளுன்னு எழுத வெச்சிருக்காங்க. ண்ணா, நீ பயப்புடாத, நாங்க இருக்கறோம்" என்று தோளைத் தட்டினார். அவர்கள் நாலு பேருக்கும் உண்மை தெரியாது. அன்பினால் சொன்னார்கள், கொஞ்சம் தலைக்கணக்கினாலும்.

கப்பல்காரர் அடுப்பை விட்டு வந்து நின்றார். "ஐயா, நான் மலையாளிதாங்க" என்றார்.

"உங்க பழக்கவழக்கம் ஏதாச்சும் சொல்லுங்க" என்றார் அதிகாரி.

"மொதக் கரண்டி சோத்த மலையப் பாத்து வெச்சிக் கும்புடுவேங்க."

"அதை எங்க வீட்லகூடச் செய்வாங்களே" என்றார் அதிகாரி. அவருக்கும் ஒரு சாதி இருந்தது. நல்லவேளை, பட்டியல் கொண்டுவரவில்லை. "மலை எப்படி இருக்கும், சொல்லுங்க பாக்கலாம்."

நன்றாகத்தான் ஆரம்பித்தார். ஊற்றைச் சொன்னார், நெல்லிமரத்தைச் சொன்னார், சாமை விதைக்கிற சரிவைச் சொன்னார். அப்புறம் பழக்கதோஷம், வாய் சும்மா இருக்கவில்லை. "கோட்டை ஒண்ணுதாங்க அங்க இல்ல, மத்தபடி..." என்று விட்டார். அதிகாரி பேனாவை மூடினார். கப்பல், கோட்டை, ஐந்து சாதி. இப்படி ஒரு பழங்குடியை அவர் எந்தச் சுற்றறிக்கையிலும் படித்ததில்லை.

கடைசியாக என்னைக் கூப்பிட்டார். என் சங்கப் பட்டியலை யாரோ ஏற்கெனவே அவர் கையில் கொடுத்திருந்தார்கள். நாற்பத்திரண்டாவது வரிக்கு நேரே விரல் வைத்திருந்தார். "கீழ இருக்கறது உங்க கையெழுத்துதானே?"

"ஆமாங்க."

"அப்ப இவரு உங்க ஆளா?"

கடை வாசலில் எங்கள் சங்கத் தலைவர் நின்றிருந்தார். என் இன்ஸ்டிட்யூட் இருந்த கட்டடம் அவருடையது. கப்பல்காரர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குக் கவலையே இல்லை. மனுவை அடித்தவனே நான்தானே.

"பட்டியல்ல இருக்குதுங்க" என்றேன்.

பொய் சொல்லவில்லை. பட்டியலில் இருந்ததுதான். இந்தச் சமாதானத்தை நான் பல வருஷம் வைத்திருந்தேன்.

மனுதாரர் ஐந்து சாதியைச் சேர்ந்தவர் என்று தெரியவருவதால் எச்சாதியும் நிரூபிக்கப்படவில்லை என்று எழுதி மனுவைத் தள்ளிவிட்டார்கள். கப்பல்காரர் விடவில்லை. அதிகாரியைத் தேடிப்போய் நின்றார். சாட்சி சொன்னதில் ஒருத்தராவது, உண்மை தெரிந்தவர், தவறாகச் சொல்லிவிட்டேன் என்று எழுதிக் கொடுத்தால் மறுபடியும் பார்க்கலாம் என்று அவர் இரக்கப்பட்டுச் சொல்லியிருக்கிறார். கப்பல்காரர் வெள்ளைப் பேப்பரோடு நேரே என்னிடம் வந்தார். கடைசி நாளுக்கு இன்னும் நாலு நாள் இருந்தது.

"நாலு பேரு தெரியாம சொன்னாங்க, அவங்களப் போயி இன்னா கேக்கறது? உங்குளுக்குத்தான் தெரியும். நாலு வரி அடிச்சிக் குடுங்க சார். புள்ளையோட படிப்பு."

"கண்டிப்பாண்ணா. நாளைக்கு அடிச்சித் தரேன்."

மறுநாள் சங்கக் கூட்டம். என்னைத் தாலுகா செயலாளர் ஆக்கப் போகிறார்கள் என்று பேச்சு. தன் பட்டியலே தப்பு என்று எழுதிக் கொடுக்கிறவனை யார் செயலாளர் ஆக்குவார்கள்? கூட்டம் முடியட்டும் என்று பார்த்தேன். முடிந்தது, ஆக்கினார்கள், மாலை போட்டார்கள். மாலை போட்ட மறுநாளே எழுதினால் நன்றாக இருக்காது என்று ஒரு நாள் தள்ளிப் போட்டேன். அவர் தினமும் வந்தார். தினமும் "நாளைக்கு" என்றேன். மூன்றாம் நாள் ரிப்பன் தீர்ந்துவிட்டது என்றேன். மிஷினில் புது ரிப்பன் பளபளவென்று இருந்தது. அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "சரிங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். நாலாம் நாள் வரவில்லை. அன்றைக்குச் சாலையில் கிடந்த மரங்களை அப்புறப்படுத்தினார்கள், சின்னசேலம் ஸ்டேஷனுக்குப் பஸ் விட்டார்கள். சேலத்தில் போய்ச் சேரவேண்டியவர்கள் எல்லோரும் போய்ச் சேர்ந்தார்கள்.

நான் இரண்டு நாள் பன்னும் டீயுமாகக் காலம் தள்ளினேன். மூன்றாம் நாள் பசி வெட்கத்தை ஜெயித்துவிட்டது.

கடையில் கூட்டம் எப்போதும் போலத்தான் இருந்தது. அவரை இழக்க ஐந்து சங்கத்துக்கும் மனம் இல்லை. மலையாளு என்ற பேச்சை ஒருத்தரும் நம்பவே இல்லை. ரைஸ்மில்காரர் எனக்கு இடம் ஒதுக்கினார். கப்பல்காரர் அடுப்படியில் நின்றார். என்னைப் பார்த்தார். கோட்டையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "சாருக்கு எல போடும்மா" என்று மட்டும் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.

மல்லிகா வந்தாள். பாவாடை தாவணியை இழுத்துச் செருகியிருந்தாள். இலை போட்டாள், தண்ணீர் தெளித்தாள், சோறு போட்டாள். குழம்பு இலைக்கு வெளியே கொஞ்சம் சிந்தியது, பழக்கமில்லாத கை. நான் குனிந்து வேகவேகமாகச் சாப்பிட்டேன்.

"போதுங்களா சார்?" என்று கேட்டாள்.

போதும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. போதவில்லை போலிருக்கிறது என்று நினைத்து இன்னொரு கரண்டி போட்டாள். அதையும் சாப்பிட்டேன்.